வீடு பார்க்க வருகிறார்கள்

என் பீரோவைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் அது சுவரில் நின்றுகொண்டிருக்கிறது. அறை முழுக்கச் சுவர் வெளுத்து மோர் நிறத்துக்கு வந்துவிட்டது, பீரோ மறைத்திருந்த இடம் மட்டும் அப்பா உயிரோடு இருந்தபோது அடித்த பச்சையில், நேற்று அடித்த மாதிரி. ஈரத் துணியால் தேய்க்கிறேன். தேய்த்தால் பெயிண்ட் போகுமா என்ன, அழுக்கு போய் இன்னும் பளிச்சென்று ஆகிறது, ரேணு உனக்கு மூளை இருக்கிறதா. காலண்டர் மாட்டலாம் என்றால் ஆள் உயரக் காலண்டரை எந்த ஜவுளிக்கடைக்காரன் கொடுப்பான். பழைய சேலையைத் திரை மாதிரித் தொங்கவிடலாம், ஆனால் தூக்கிப் பார்ப்பார்கள், பார்ப்பதற்குத்தானே வருகிறார்கள். முன்பெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்க்கப் போய் பஜ்ஜியைத் தின்றுவிட்டு ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு வருவார்கள். இப்போது காலம் குப்புறக் கவிழ்ந்துவிட்டது. பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை வீட்டுக் குழாயைத் திருகிப் பார்க்கிறார்கள், கக்கூஸ் கதவைத் திறந்து பார்க்கிறார்கள், மாடியில் ரூம் எடுக்க இடம் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கிறார்கள், எல்லாம் பார்த்த பிறகு கூடத்தில் உட்கார்ந்து, வீட்டில் யார் யாருங்க இருக்கறீங்க என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குத்தான் இந்தச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். என் தம்பி பூபதிக்கு முப்பத்தேழு முடிந்துவிட்டது. இன்றைக்குப் பெருந்துறையிலிருந்து வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் ஆறு மணிக்கு முடிந்த பிறகு வருகிறோம் என்று தரகர் மூலம் சொல்லிவிட்டார்கள். நான் ஐந்து மணிக்கெல்லாம் பஸ் ஏறிவிட வேண்டும். கோபியில் சித்தி வீடு. ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் வந்தால் போதும் என்றாள் அம்மா. போதும் என்று அவள் சொன்ன விதம், ஏதோ எனக்குச் சலுகை கொடுக்கிற மாதிரி இருந்தது.

இந்த வீட்டில் எல்லாம் இரண்டு. இரண்டு பீரோ, இரண்டு கட்டில், இரண்டு கிரைண்டர், இரண்டு மிக்சி, ஒரே உயரத்தில் இரண்டு ஜோடி குத்துவிளக்கு. அம்மாவின் பாத்திரங்கள் ஒரு பரண், என் பாத்திரங்கள் ஒரு பரண். என் சீர்ச் சாமானும் என்னைப் போலவே திரும்பி வந்தது. நான் வந்து ஒரு மாதம் கழித்துப் பூபதி ஒரு டெம்போவை வைத்துக்கொண்டு என் புருஷன் வீட்டுக்குப் போய் அங்கே யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வந்தான். பட்டறையில் இரும்பு தூக்கிப் பழகிய உடம்பு, பீரோவை முதுகிலேயே சுமந்தானாம். டெம்போ தெருவுக்குள் நுழைந்தபோது எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள். கல்யாணத்துக்குப் போனபோது இதே சாமான்களுக்கு மேளம் அடித்தார்கள், அப்போதுகூட இவ்வளவு பேர் வெளியே வந்து நிற்கவில்லை. ஒவ்வொரு அண்டாவிலும் ஒவ்வொரு தூக்குப்போசியிலும் என் பேர் வெட்டியிருக்கிறது, பேருக்குப் பக்கத்தில் அவர் பேர், கீழே கல்யாணத் தேதி. குழம்பு ஊற்றி வைத்தாலும் பேர் தெரியும், சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் பேர் தெரியும். அம்மா அதில் சமைக்கமாட்டாள், விற்கவும் மாட்டாள். ஒருநாள் நீ திரும்பிப் போறப்ப வேணுமில்ல என்று முதல் இரண்டு வருஷம் சொன்னாள், பிறகு சொல்வதை விட்டுவிட்டாள், பாத்திரம் மட்டும் இருந்தது. காலையிலிருந்து பூபதியும் பட்டறை ஆளும் இரண்டு நடை போய் வந்துவிட்டார்கள். என் சாமான் எல்லாம் இப்போது லேத் பட்டறையில், இரும்புத் தூளுக்கு நடுவில், தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. வீடு பெரிதாகிவிட்டது. கூடத்தில் நின்று பேசினால் குரல் திரும்பி வருகிறது. நடக்கும்போது என் கால் பழக்கத்தில் கட்டில் இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது, ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிற பைத்தியம். அம்மா பார்த்துவிட்டு, வெளிச்சமா இருக்குது பாரு என்றாள். ஆமாம், நெம்ப வெளிச்சம்.

அடிச்சானா என்று கேட்டார்கள். இல்லை. குடிச்சானா. இல்லை. வேற பொம்பளை கிம்பளை. தெரிந்தவரை இல்லை. அப்புறம் ஏனம்மிணி வந்துட்ட என்று பெரியப்பா கேட்டார். பேசமாட்டாருங்க பெரியப்பா. அவ்வளவுதான் என் வழக்கு. எந்தக் கோர்ட்டிலும் நிற்காத வழக்கு. கல்யாணமான மூன்றாவது மாதம் ஏதோ ஒரு நாள் அவர் என்னிடம் பேசுவதை நிறுத்தினார், சண்டை இல்லை, காரணம் இல்லை, எந்த நாள் என்றுகூட எனக்குத் தெரியாது, கவனித்தபோது நின்று போயிருந்தது. மாட்டிடம் பேசுவார், போனில் பேசுவார், டிவியில் கிரிக்கெட் ஆடுகிறவனைத் திட்டுவார். தட்டு வைத்தால் சாப்பிடுவார், தண்ணீர் இல்லாவிட்டால் எழுந்து போய் எடுத்துக்கொள்வார், நான் பக்கத்தில் நின்றாலும் கேட்கமாட்டார். அவருடைய அம்மாவிடம் சொன்னேன். என்ற பையன் சாது, அவன் சுபாவம் அது என்றார். வருஷங்கள். ஒரு கட்டத்தில் நானே என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ள ஆரம்பித்தேன், ரேணு அரிசி ஊறப் போட்டியா, ரேணு தலைக்கு ஊத்திக்கோ, இன்றைக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒருநாள் மத்தியானம் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே, என்ன கண்ணு வெயிலு தாங்கலயா என்று அவர் மாட்டைக் கேட்டார். ஆமாங்க என்று நான் சொன்னேன். திண்டாட்டமாக இருந்ததோ என்னவோ, அவர் வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டார். மாடு என்னைப் பார்த்தது. அன்றைக்குப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பக்கத்து வீட்டு மருமகள் நேற்று ஒரு வீடியோ காட்டினாள். வீட்டை வருகிறவர்கள் மனசுக்குப் பிடிக்கும்படி வைப்பது எப்படி என்று உதட்டுச் சாயம் போட்ட ஒருத்தி சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள். ஒரு வருஷமாக நீங்கள் தொடாத பொருள் உங்களுக்குத் தேவையில்லாத பொருள், யோசிக்காமல் எடுத்து வெளியே வையுங்கள் என்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் என்னைக் கல்யாணமான முதல் வருஷமே வெளியே வைத்திருக்க வேண்டும். என்னக்கா சிரிக்கறீங்க என்றாள் அந்தப் பெண். ஒண்ணுமில்ல, நல்லாச் சொல்றா என்றேன். உண்மையிலேயே நல்லாத்தான் சொல்கிறாள். வாசலில் கோலமும் ஒரு செடியும், கூடத்தில் வெறும் தரை, ஜன்னலில் சாமான் இல்லாமல் காற்று வரவேண்டுமாம். எல்லாம் செய்துவிட்டேன். நான் எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிறவள், அதில் குறை சொல்ல முடியாது. மாடிப்படிக்கு அடியில் கிடந்த காலி டப்பாக்களும் அறுந்த செருப்புகளும் போய்விட்டன. பிறகு பாத்ரூம். பிரஷ் ஸ்டாண்டில் மூன்று இருக்கிறது, இரண்டுதான் இருக்க வேண்டும். என்னுடையதை எடுத்தேன். சோப்பு டப்பாவும் இரண்டு போதும். சீப்பில் என் முடி, நரைத்தது ஒன்று கறுத்தது ஒன்று, சுருட்டி எடுத்தேன். சுவரில் ஒட்டியிருந்த என் ஸ்டிக்கர் பொட்டுகளை நகத்தால் சுரண்டினேன், அம்மா பொட்டு வைப்பதில்லை, பொட்டு இருந்தால் யாருடையது என்று கேட்பார்கள். கொடியில் என் பாவாடை. ஜன்னல் கட்டையில் என் மூட்டு வலித் தைலம், அதை அம்மாவுடையது என்று சொல்லிக்கொள்ளலாம், இருக்கட்டும். இப்படி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வரும்போது எனக்குத் தோன்றியது. கொலை செய்தவன் இப்படித்தான் துடைப்பான். செத்தவளே வந்து துடைப்பது எங்காவது உண்டா.

கோபம் யார் மேல் என்று தேடிப் பார்க்கிறேன், கிடைக்கமாட்டேன் என்கிறது. அம்மா மேல் என்றால், பாவம், அவள் என்ன செய்வாள். முதல் இடம் தட்டிப்போனபோது ஜாதகம் என்றார்கள். இரண்டாவது, பையனுக்குப் படிப்புக் குறைவு. அப்புறம் வந்த திங்களூர் இடம் எல்லாம் பொருந்தி, தேதி பார்க்கிற வரைக்கும் போய், ஒருநாள் தரகர் போன் செய்தார். பூபதி வேலையாக இருந்தவன் கையெல்லாம் கிரீஸ் என்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டான். நாத்தனா ஒருத்தி வந்து உக்காந்திருக்கற ஊட்டுல எப்புடீங் புள்ளையக் குடுக்கறது, அவ வாழாதவ, இவளையும் வாழ உடமாட்டா, அப்படீங்கறாங்க என்று தரகர் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை வெங்காயம். பூபதி போனை அணைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, என்னக்கா கொழம்பு என்றான். அதற்கப்புறமும் எத்தனையோ இடம். ஒவ்வொரு தடவையும் அவன் மீசைக்கு மை அடித்துக்கொண்டு சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பான், தகவல் வராது, அடுத்த நாள் எப்போதும்போல் பட்டறைக்குப் போவான். இப்போதெல்லாம் வண்டி துடைக்கும்போது தனியாக ஏதோ முனகிக்கொள்கிறான். ஒருநாள் ஒட்டுக் கேட்டேன், வண்டியைத்தான், என்னடா இன்னிக்கு மக்கர் பண்ற என்று கேட்டுக்கொண்டிருந்தான். பேச ஆள் இல்லாமல் போனால் மனுஷன் என்ன ஆவான் என்று என்னைவிட யாருக்குத் தெரியும். அவனுக்குக் கல்யாணம் ஆகவேண்டும். இது நான் வெளிக்குச் சொல்வதில்லை, உள்ளுக்குள் நிஜமாகவே, பசிக்கிற மாதிரி எனக்கு வேண்டியிருக்கிறது.

அப்புறம் இணைச்சீர். அதை நினைக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன், ஒட்டடை அடிக்கும்போது தூசியோடு சேர்ந்து இறங்கிவிடுகிறது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு அக்காளோ தங்கச்சியோ நின்று இணைச்சீர் செய்தால்தான் தாலி. கூறைச் சேலை வைத்த கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, பட்டுச் சேலையும் நகையுமாக அவள் வந்து பக்கத்தில் நிற்பாள், மாப்பிள்ளை ஒரு முனையும் அவள் ஒரு முனையுமாக ஒரே துணி. அரை நாழிகைக்கு மணப்பெண்ணைவிட அவள்தான் பெரியவள். சின்ன வயதில் நானும் பூபதியும் துண்டைப் பிடித்துக்கொண்டு இணைச்சீர் விளையாட்டு விளையாடுவோம், கூடைக்குப் பதில் முறம், அவன் துண்டை விட்டுவிட்டு ஓடிவிடுவான், நான் அடிப்பேன். போன வருஷம் அம்மா யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். இணைச்சீருக்கு எங்க மச்சாண்டாரு மக இருக்குதுங்க, புருசனோட நல்லா இருக்கற புள்ள, அது செய்யும். எனக்குக் கேட்கட்டும் என்று சொல்லவில்லை, கேட்டுவிடக் கூடாது என்று குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். ஆனாலும் என் பட்டுச் சேலை ஒன்றை மட்டும் பட்டறைக்கு அனுப்பாமல் அம்மா பீரோவில் அடியில் வைத்தேன். யார் கண்டது. கடைசி நேரத்தில் பெரியப்பா மகளுக்குக் காய்ச்சல் வராதா. சீ, நல்லா இருக்கிற பெண்ணுக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று நினைக்கிறாயே, நீ விளங்குவாயா ரேணு.

கல்யாணம் ஆன பிறகு என்று ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. இன்றைக்கு ஒருநாள் கோபி. நிச்சயத்துக்கு இரண்டு நாள் கோபி. கல்யாணத்துக்கு எங்கே? சாமான் எல்லாம் திரும்பப் பட்டறையிலிருந்து வருமா, இல்லை அங்கேயே இருக்குமா? கொஞ்ச நாளைக்குத்தான் கண்ணு, அந்தப் புள்ள வந்து நம்மளோட பழகிட்டா அப்பறம் பக்குவமாச் சொல்லிக்கலாம் என்கிறாள் அம்மா. பழகிய பிறகு என்னவென்று சொல்வாள். இந்தா, இன்னும் ஒரு சாமான் இருந்தது, சொல்ல மறந்துட்டோம் என்றா. சித்திக்கு வயதாகிவிட்டது, சித்தப்பா நான் போனால் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொள்வார். திருப்பூரில் பனியன் கம்பெனி ஆஸ்டல் இருக்கிறது, ஒரு ரூமில் பத்துப் பெண்கள், எல்லாம் சின்னப் பிள்ளைகள், ஆன்ட்டி என்று கூப்பிடும். போகலாம். போக முடியாது என்று இல்லை. ஆனால் இந்த வீட்டுச் சமையலறை ஜன்னலில் நாலு மணிக்கு ஒரு வெயில் விழும், அடுப்பு மேடை முழுக்க மஞ்சளாக, அப்போது தனியாக நின்று ஒரு டம்ளர் காபி குடிப்பேன், அம்மா தூங்குவாள், பூபதி பட்டறையில் இருப்பான், யாரும் என்னிடம் பேசாவிட்டாலும் அந்த நேரம் எனக்கு வலிக்காது. அது எனக்கு வேண்டும். அவ்வளவு சின்ன விஷயம், இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது. பூபதிக்குக் கல்யாணம் வேண்டும், எனக்கு அந்த ஜன்னல் வேண்டும், இரண்டும் சேர்ந்து நடக்காது என்று சுவரில் இருக்கிற பச்சைக்கே தெரிகிறது. காலையிலிருந்து இந்த இடத்துக்கு வந்து வந்துதான் நிற்கிறேன், தேய்க்கிறேன், வேறு வேலைக்குப் போகிறேன், மறுபடி வருகிறேன். மணி நாலு கூட ஆகியிருக்காது. கூடத்து மூலையில் இன்னும் ஒட்டடை தொங்குகிறது, அதை அடித்துவிட்டுக் குளித்தால் சரியாக இருக்கும்.

ஸ்டூலில் ஏறி நின்று ஒட்டடைக் கம்பை நீட்டியபோது வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம், ஒன்று, பின்னால் இன்னொன்று. ஏனுங், ஊட்ல யாருங்க என்று ஒரு பெண் குரல், கேட்கும்போதே உள்ளே வந்துவிட்டது. கருநீலப் பட்டுடுத்திய பருத்த அம்மாள், பின்னால் மெலிந்த ஒரு அம்மாள், வெள்ளை வேட்டியில் ஒருவர். கெளம்பறப்பவே ராகு காலத்துக்கு முன்னாடி வாசப்படி தாண்டிரலாம்னு தோணுச்சு, ஆறு மணிக்கு மேலன்னா இருட்டீரும், வீட்ட எப்புடிப் பாக்கறது என்று வேட்டிக்காரர் யாருக்கோ விளக்கம் சொல்லிக்கொண்டு செருப்பைக் கழற்றினார். நான் வெளுத்த நைட்டி, அதன் மேல் பூபதியின் கிழிந்த காக்கிச் சட்டை, தலையில் துண்டு, முகமெல்லாம் ஒட்டடை. நீலப் பட்டு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஏம்மா, வீட்டுக்காரங்கள வரச் சொல்லு, பெருந்துறையிலிருந்து வந்திருக்கறாங்கன்னு சொல்லு என்றாள். ஸ்டூலிலிருந்து எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. அதற்குள் அம்மா உள்ளேயிருந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வந்துவிட்டாள். அவர்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கண் சிமிட்டுகிற நேரம்தான். வாங்க வாங்க, உக்காருங்க என்று இரண்டு கையையும் கூப்பிவிட்டு, என் பக்கம் திரும்பி, ஏம்மா, போதும் அடிச்சது, உள்ள போயி அவீகளுக்குத் தண்ணி கொண்டா என்றாள். என்ன வேகம். எனக்கு அந்த நிமிஷம் கோபமே வரவில்லை, அம்மா இவ்வளவு சாமர்த்தியசாலியா என்றுதான் தோன்றியது. பூபதி அறை வாசலில் ஒரு கை சட்டை போட்டும் ஒரு கை போடாமலும் நின்றான். நான் தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

பாலை அடுப்பில் வைத்தேன். சுவரை அவர்கள் இன்னும் பார்க்கவில்லை என்று மனசு அதையே பிடித்துக்கொண்டிருந்தது. அறைக்குள் போகிறார்கள், நல்ல காத்தோட்டம் என்கிறார்கள், குழாய் திறக்கிற சத்தம் கேட்கிறது, தண்ணி நல்லா வருதுங்க என்கிறார் வேட்டிக்காரர். சாமான் செட்டு அடைக்காம வெச்சிருக்கறாங்க, வூடு பாக்க எடுப்பா இருக்குது என்று மெலிந்த குரல், அதுதான் பெண்ணின் அம்மாவாக இருக்க வேண்டும். என் உடம்பெல்லாம் சிலிர்த்தது, வெட்கம் கெட்ட சந்தோஷம், பாராட்டு யாருக்கு, எனக்குத்தானே. அப்போது நீலப் பட்டு சமையலறைக்குள் வந்தாள். மேடை, சிங்க், பரண் எல்லாவற்றையும் பார்த்தாள். ஜன்னலில் வெயில் விழுந்திருந்தது. பிறகு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு குரலை இறக்கினாள். பெண் கொடுக்கிற வீட்டார் எல்லாரும் இதைச் செய்வார்கள், வேலைக்காரியிடம் விசாரித்தால்தான் வீட்டு லட்சணம் தெரியும். நானே பெரியப்பா மகளுக்குப் பார்த்தபோது ஒரு வீட்டு இஸ்திரிக்காரரிடம் விசாரித்திருக்கிறேன்.

"நான் பொண்ணுக்கு அத்தை. நீ எத்தன வருசமா இங்க வேலைக்கு வர்ற?"

"நெம்ப வருசமாங்க."

"பையன் எப்புடி? குடி கிடி?"

"இல்லீங்க. தங்கமான பையனுங்க. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லீங்க."

"அந்தம்மா?"

"அவங்களும் நல்லவங்கதானுங்க."

"அது கெடக்குது. அக்காக்காரி ஒருத்தி இருக்கறாளாமே. தரகரு கட்டிக் குடுத்தாச்சுங்கறான். அவ கட்டுன ஊர்ல எங்களுக்கு ஒறம்பரை இருக்குது, அவ எப்பவோ வந்துட்டாளேங்கறாங்க. என்ற தம்பி ஆம்பள, அவனுக்கு ஒண்ணும் புரியறதில்ல. நீ சொல்லு கண்ணு. அந்தப் பொண்ணு இங்கதான் இருக்கறாளா? அவ எப்புடி? எங்க புள்ள அவகூட இருந்து குப்ப கொட்ட முடியுமா?"

எப்படி என்று கேட்கிறாள். என் வாழ்க்கையில் நான் எப்படி என்று ஒருத்தர் என்னிடம் கேட்பது இதுதான் முதல் தடவை. அவள் நல்லவள் என்று சொல்லலாம். வாய் அதிகம், ஆனால் மனசில் ஒன்றுமில்லை, வரப்போகிற பெண்ணுக்கு ஒரு வேலை வைக்கமாட்டாள், காலையில் எழுந்து பாத்திரம் தேய்த்துவிடுவாள், நாலு மணிக்கு ஒரு டம்ளர் காபி, அவ்வளவுதான் அவள் கேட்பது. சொல்லலாம். நம்பமாட்டாள். எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் இருக்கிறாள் என்பதுதானே குற்றம். கோபியில் இருக்கிறாள் என்றால் எப்போது வருவாள் என்பாள். புருஷனோடு சேர்ந்துவிட்டாள் என்றால் அந்த ஊர்ச் சொந்தத்துக்கு ஒரு போன் போதும். எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் நானே நிற்கிறேன். கூடத்தில் பூபதி ஏதோ சொல்ல, பெண்ணின் அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. அவன் பேச்சுக்கு வெளி ஆள் ஒருத்தி சிரித்து இந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை.

"அவங்க தவறிட்டாங்க" என்றேன்.

சொன்னது நானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. குரல் சாதாரணமாக, பால் தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி வந்தது. அத்தைக்காரி நெஞ்சில் கை வைத்தாள். "அய்யோ சாமி! எப்பம்மா?" போன வருசமுங்க என்றேன். காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியிலயே என்றேன். பொய் ஒன்று சொல்லிவிட்டால் அடுத்தது தானாக வந்து வரிசையில் நிற்கிறது. எங்களுக்கு யாருமே சொல்லலியே, அந்த ஊர்ல தெரியலியே என்றாள். அங்க யாருக்கும் சொல்லி அனுப்பலீங்க என்றேன், அது மட்டும் எனக்கு நியாயமாகப் பட்டது. பாவம், பாவம் என்று நாக்கைத் தட்டினாள், ஆனால் முகம் தெளிந்துவிட்டது, முதுகில் இருந்த மூட்டையை இறக்கி வைத்தவள் முகம். என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள். பயம் அப்போதுதான் வந்தது. இப்போது போய் அம்மாவிடம் கேட்பாள். அம்மா திகைத்துப் போவாள். யாருங்க சொன்னது, என்ற மக கல்லுமாதிரி இருக்கறாளுங்க, இந்தா உள்ளதான் நிக்கறா என்பாள். எல்லாம் கெட்டுவிடும், பெருந்துறைக்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள், பூபதி தலையில் நானே கல்லைப் போட்டுவிட்டேன். அப்படித்தான் பயந்தேன். சத்தியமாக, அப்படி ஆகிவிட வேண்டும் என்றும் கூடவே ஆசைப்பட்டேன். அம்மா கத்தட்டும். என் பேரைச் சொல்லிக் கத்தட்டும்.

"ஏனுங்கக்கா, உங்க மக விசயம் இப்பத்தானுங்க தெரிஞ்சுது. எங்களுக்குத் தெரியாமப் போச்சுங்க. மனசத் தேத்திக்கோங்க."

நான் கதவோரம் நின்று அம்மாவின் வாய் திறக்கக் காத்துக்கொண்டிருந்தேன். திறந்தது. அழுகை வந்தது. பொய் அழுகை இல்லை, எனக்கு அம்மாவின் அழுகை தெரியும், அப்பா போனபோது அடிவயிற்றிலிருந்து வந்ததே, அதே அழுகை, என்ற ராசாத்தி, என்ற தங்கமே, வாழாமயே போயிட்டாளுங்க என்று. இத்தனை வருஷமும் எனக்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை. எங்கே வைத்திருந்தாளோ. பெண்ணின் அம்மா எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்காருகிற சத்தம் கேட்டது. அழுவாதீங்க, அழுவாதீங்க, நாங்க இருக்கறோமில்ல என்கிற குரல் கேட்டது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, யாரோ செத்த வீட்டுக்கு வந்த மாதிரி நானும் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"கட்டுன புருசன் இருக்கறானில்லீங்க?" என்றாள் அத்தைக்காரி கொஞ்ச நேரம் கழித்து. "அப்ப சுமங்கலியாத்தான் போயிருக்குது. சுமங்கலியாப் போனவ வீட்டுக்குத் தெய்வமுங்க. படம் ஒண்ணுங் காணமே, மாட்டலீங்களா?"

"பாத்தாத் தாங்க முடியலீங்க" என்றாள் அம்மா, விக்கலோடு. "அதான் எடுத்து வெச்சுட்டோம்."

"அப்புடி வெக்கக் கூடாதுங்க. இத்தன நாளு தம்பிக்கு அமையாம இழுத்துட்டே போனதுக்கு அதுதான் காரணம். படத்த மாட்டி, பொட்டு வெச்சு, வெளக்கு வெய்ங்க. எங்க புள்ள வந்தா டெய்லி பூ வெப்பா. தம்பிக்கு அக்கா தெய்வமாக் கூட இருந்து எல்லாத்தையும் நடத்திக் குடுப்பா. அந்த ரூமுல பச்சையா ஒரு செவுரு காலியாத்தான் கெடக்குது, அங்கயே மாட்டலாம். ஏனுங் தம்பி, நல்ல படம் இருக்குதுங்களா?"

பூபதி இருக்கிறான். பீரோவை முதுகில் சுமந்தவன். நாற்காலி நகர்ந்தது. எழுந்துவிட்டான், இதோ வரப்போகிறான், வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கூடத்தில் நிறுத்தப்போகிறான் என்று, தலைத் துண்டை அவிழ்த்து முகத்தை அவசர அவசரமாகத் துடைத்தேன்.

"என்ற போன்ல ஒண்ணு இருக்குதுங்க" என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "நல்லாச் சிரிச்ச மாதிரி இருக்கும். பெருசு பண்ணிக்கலாமுங்க."